‘எங்க கல்ச்சருக்கு செட் ஆவீங்களா?’ – நேர்காணலுக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் காலை ஆறரை மணிக்கு நின்றால் அவர்களைப் பார்க்கலாம். கடலூர், புதுச்சேரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு, பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேராவது நிற்பார்கள். காதில் இயர்போன் இருக்கும். போனில் ஓடுவது பாட்டு இல்லை, நேர்காணலில் கேட்கும் கேள்விகளைச் சொல்லித்தரும் வீடியோ.

மாலையில் திரும்பி வரும்போது சிலர் சந்தோஷமாக இருப்பார்கள். சிலர் சொல்வது இப்படி இருக்கும்: “எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன் சார். கடைசியில எங்க கல்ச்சருக்கு செட் ஆகமாட்டீங்கன்னு சொல்லிட்டாங்க.”

மார்க் குறைவு என்று சொன்னால் புரியும். அனுபவம் போதாது என்றாலும் புரியும். ‘கல்ச்சர்’ என்றால் என்ன செய்வது? எதைத் திருத்திக்கொள்வது? வேலைவாய்ப்பு முகாம்களில் மாதிரி நேர்காணலுக்கு உட்காரும் தம்பி தங்கைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேலை கிடைத்தும் இருபது நாளில் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்: “எனக்கு அங்க செட் ஆகல.”

அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

சுவரில் எழுதியிருப்பதும் உள்ளே நடப்பதும்

நிறுவனப் பண்பாடு பற்றி நிறைய எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் எட்கர் ஷைன். 1985-இல் வந்த அவருடைய புத்தகத்தில் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார். முதல் அடுக்கு கண்ணுக்குத் தெரிவது: கட்டடம், சீருடை, யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது. இரண்டாவது, நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. மூன்றாவது யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஆனால் எல்லோரும் அதன்படிதான் நடப்பார்கள்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. ஆலையின் நுழைவாயிலில் ‘பாதுகாப்பே முதல்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது இரண்டாவது அடுக்கு. உற்பத்தி பின்தங்கிய ஒரு நாளில் “இன்னைக்கு மட்டும் கிளவுஸ் இல்லாம முடிச்சிடுப்பா” என்று சூப்பர்வைசர் சொல்கிறாரா, இல்லை “லைன் நின்னாலும் பரவாயில்ல, கிளவுஸ் போட்டுட்டு வா” என்று சொல்கிறாரா? அதுதான் மூன்றாவது அடுக்கு. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபின் வாழப்போவது அந்த மூன்றாவது அடுக்கில்தான். நேர்காணல் அறையில் காட்டப்படுவது பெரும்பாலும் முதல் இரண்டும்.

செட் ஆவது இரண்டு வகை

ஒன்று வேலைப் பழக்கம். ஆறு மணி ஷிஃப்ட் என்றால் ஐந்தே முக்காலுக்குக் கேட்டில் நிற்பது, வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வது, புரியாததைப் புரியவில்லை என்று கேட்பது, தப்பு நடந்தால் மறைக்காமல் உடனே சொல்வது, செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதுவது, இதெல்லாம் இதில் அடங்கும். நிறுவனம் இதை எதிர்பார்ப்பது நியாயம். யாரும் பிறக்கும்போதே இதோடு பிறப்பதில்லை, எல்லோராலும் கற்றுக்கொள்ள முடியும். உங்களை வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம் என்று தெரிந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை, திருத்திக்கொண்டு அடுத்த நேர்காணலுக்குப் போகலாம்.

இன்னொன்று சாயல். பேசும் உச்சரிப்பு, உடை, படித்த பள்ளி, பிறந்த தெரு, கும்பிடும் சாமி, கல்யாணம் ஆனதா இல்லையா என்பதெல்லாம் இதில் வரும். ‘நம்மள மாதிரி ஆளா இருந்தா நல்லா இருக்கும்’ என்ற எண்ணம், நேர்காணல் எடுப்பவருக்கே தெரியாமல்கூட அவருக்குள் இருக்கலாம். லாரன் ரிவேரா என்ற சமூகவியல் ஆய்வாளர் அமெரிக்காவின் பெரிய சட்ட, நிதி, ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுக்கும் முறையை ஆராய்ந்து 2012-இல் கட்டுரை வெளியிட்டார். தன்னைப் போன்ற பொழுதுபோக்கும் வாழ்க்கை அனுபவமும் உள்ளவரைத்தான் நேர்காணல் எடுப்பவர்கள் ‘பொருத்தமானவர்’ என்று நினைத்தார்கள் என்பது அதில் தெரிய வந்தது. சில இடங்களில் வேலைத்திறனைவிட அதற்கு அதிக மதிப்பு இருந்தது.

நம் நாட்டிலும் ஆய்வுகள் உண்டு. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்கள் இருந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லி வட்டாரத்தில் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். ‘திறமைக்கு மட்டுமே இடம்’ என்று சொன்ன அதே அதிகாரிகள், ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். இரண்டு ஆய்வுகளும் 2007-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் வெளிவந்தன.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் இல்லை. ஆனால் “சொந்த ஊர் எது?” என்பதில் தொடங்கி, “ஊர்ல எந்தத் தெரு?” என்பதில் போய் முடியும் கேள்வி நமக்குப் பழக்கமானதுதான். அந்தக் கேள்வி எங்கே போகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? கோபப்பட்டு எழுந்து வருவதும் ஒரு வழிதான், அது உங்கள் விருப்பம். இருக்கையில் உட்கார்ந்தபடியே பேச்சைத் திருப்பும் வழியும் உண்டு. “சிதம்பரம் பக்கம் சார். கடலூருக்கு தினமும் பஸ் வசதி இருக்கு, ஷிஃப்டுக்கு வந்து போறதுல சிரமம் இல்ல” என்று சொன்னால், ஊர் பற்றிய கேள்வி வேலைக்குத் தேவையான பதிலோடு முடிந்துவிடும். “அப்பா என்ன பண்றார்?” என்றால் தொழிலை நேராகச் சொல்லுங்கள். கூலி வேலை என்றால் கூலி வேலை என்றே சொல்லலாம். அதை மறைக்க நினைக்கும்போது ஏற்படும் தடுமாற்றம்தான், பதிலைவிட அதிகமாகக் கவனிக்கப்படும்.

பெண்களிடம் “கல்யாணம் எப்போ?” என்ற கேள்வி இன்னும் சகஜமாக வருகிறது. ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டமே சொன்னது. ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் உள்ள செல்போன் ஆலை ஒன்றில் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் செய்தி வந்தபோது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் அந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித்தான் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தப் பாதுகாப்பு இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. நேர்காணலில் நீங்கள் சட்டப் பிரிவு எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. “என் ஷிஃப்ட் நேரத்துக்கு வர்றதுல எந்தப் பிரச்சினையும் இருக்காது மேடம்” என்பது போதும். அதற்கு மேலும் அவர்கள் துருவினால், அந்த நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’

மாதிரி நேர்காணலில் பத்துப் பேரை உட்கார வைத்தால் ஒன்பது பேர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். பெயர், ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், படிப்பு, பிறகு “ஐ ஆம் ஹார்ட் ஒர்க்கிங் சார்”. மனப்பாடம் செய்த ஆங்கிலம் நாலாவது வாக்கியத்தில் சிக்கிக்கொள்ளும். அதோடு நம்பிக்கையும் போய்விடும்.

இப்படித்தான் ஒரு தம்பி தடுமாறிக்கொண்டிருந்தார். “சரி தம்பி, லீவுல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டோம். கடலூர் துறைமுகத்தில் மாமாவின் படகுக்கு டீசல், ஐஸ் வாங்கிக் கணக்கு எழுதுவது, மீன் ஏலம் முடிந்ததும் ஆட்களுக்குப் பங்கு பிரிப்பது என்று சரளமாகச் சொல்லிக்கொண்டே போனார். அதை ஏன் முதலில் சொல்லவில்லை? “அதெல்லாம் வேலையா சார்?” என்றார்.

அதுதான் வேலை. தினமும் பணம் கையாண்டிருக்கிறார், கணக்கு எழுதியிருக்கிறார், பத்துப் பேரோடு சண்டை வராமல் பங்கு பிரித்திருக்கிறார். ஸ்டோர் உதவியாளர் வேலைக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடைக்காது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டகையில் தரம் பிரித்தவர்கள், கடையில் நின்றுகொண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் டிகிரி முடித்தவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவுக்கு நோட்டு எழுதியவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். வேலை பார்த்துக்கொண்டே படித்ததைக் குறையாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். எத்தனை வருடம், தினமும் எத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. “தமிழும் இங்கிலீஷும் கலந்து சொல்லலாமா சார்?” என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடலாம். உற்பத்தி, பராமரிப்பு, விற்பனை வேலைகளில் பலரும் சரி என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலம் தேவைப்படும் வேலை என்றால், அதைக் கற்றுக்கொள்ள என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்ல ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். நான் முதல்வன் திட்டத்தின் இணையதளத்தில் இலவசப் பயிற்சிகள் இருக்கின்றன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட திட்டம் அது. கல்லூரியில் படிப்பவர்கள் படிக்கும்போதே இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நீங்களும் பார்க்க வந்திருக்கிறீர்கள்

நேர்காணல் என்பது பெண் பார்க்கும் படலம் மாதிரி என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் கேள்வி கேட்பார்கள். இப்போது பெண் வீட்டாரும் போய் விசாரித்துவிட்டு வருகிறார்கள். வேலைக்கும் அந்த விசாரிப்பு வேண்டும்.

முதல் விசாரிப்பு போன வழியிலேயே முடிந்துவிடும். கடலூர் சிப்காட், கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் இருக்கிறது. வேதிப்பொருள், மருந்துப்பொருள் ஆலைகள் அதிகம். சிதம்பரத்திலிருந்து காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு உங்களுக்கு பஸ் இருக்கிறதா? இரவு ஷிஃப்ட் முடிந்தால் எப்படித் திரும்புவது? நிறுவன வண்டி வருமா, வந்தால் எந்த ஊர் வரை? இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. ஒரு மாதத்தில் வேலையை விட்டு நிற்பவர்கள் பலர் சொல்லும் காரணம் பஸ்தான். மழைக்காலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 2011 டிசம்பரில் தானே புயலையும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. “ரோடு மூடிட்டா லீவு எப்படிக் கணக்கு வைப்பீங்க சார்?” என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பதிலைவிடப் பதில் சொல்லும் விதத்தில் நிறையத் தெரியும்.

ஆலை என்றால் பாதுகாப்பு. 2021 மே மாதம் இதே சிப்காட்டில் ஒரு வேதிப்பொருள் ஆலையில் நடந்த விபத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதனால் இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம்: “வேலையில சேர்ந்தா முதல்ல எத்தனை நாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பீங்க?” நல்ல நிறுவனத்தில் உள்ளவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். பாதுகாப்புக் கருவி யார் செலவு, அவசர காலத்தில் எங்கே கூட வேண்டும், கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது என்று விவரமாகச் சொல்வார்கள். “அதெல்லாம் போகப் போகப் பழகிடும்பா” என்ற பதில் வந்தால் யோசியுங்கள். சம்பளம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் என்பதற்காக விட்டுக்கொடுக்கக் கூடிய விஷயம் இல்லை இது.

ஜவுளிக்கடை, நகைக்கடை, மொபைல் ஷோரூம் வேலை என்றால் முதல் நாள் வாடிக்கையாளர் மாதிரி ஒருமுறை போய் வாருங்கள். விற்பனையாளர்கள் உட்கார ஸ்டூல் இருக்கிறதா, கூட்டம் இல்லாத நேரத்தில் அதில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். கடைகள், நிறுவனங்களில் ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஸ்டூல் இருந்தும் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தால், ஷைன் சொன்ன மூன்றாவது அடுக்கு உங்கள் கண்முன்னால் இருக்கிறது.

வெளியூர் வேலை என்றால் தங்குமிடமும் கல்ச்சரில் சேர்த்திதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு நம் மாவட்டத்திலிருந்து நிறையப் பெண்கள் போகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் நோய்வாய்ப்பட்டபோது, பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். அதன்பிறகு வல்லம் வடகாலில் சிப்காட் மூலம் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசின் தோழி விடுதிகளும் உண்டு. ஆர்டர் வாங்கும் முன்பு கேளுங்கள்: அறையில் எத்தனை பேர், சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாமா, அம்மா அப்பா வந்தால் பார்க்கலாமா?

இன்னொன்றும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்: “எனக்கு ஆர்டர் கொடுக்கப்போறது யார் சார்?” நேர்காணல் பெரிய கம்பெனியின் பெயரில் நடக்கும், நியமனக் கடிதம் ஒரு கான்ட்ராக்டரின் பெயரில் வரும். அப்படி வருவது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சம்பளம், லீவு, பி.எஃப். எல்லாம் அந்தக் கான்ட்ராக்டரின் பொறுப்பு என்பது உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

போனில் செய்யக்கூடியவை

தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் பதிவு செய்வது இலவசம். மாவட்டம், படிப்பு, சம்பளம் வாரியாகத் தேடலாம். கடலூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை முகாம்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் இருக்கும். தேதியை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முகாமுக்குப் போனால் ஒரே நாளில் நாலைந்து நிறுவனங்களிடம் பேசலாம், அதுவே நல்ல ஒத்திகை.

பலருக்கு ஒரு பயம் உண்டு. தனியார் வேலையில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. சீனியாரிட்டி அப்படியே இருக்கும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மட்டும் மறக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ‘உடனடி வேலை’ செய்தியில் பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

சான்றிதழ்கள் விஷயத்தில் உறுதியாக இருங்கள். “ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும், ஒரு வருஷம் கழிச்சுத் தர்றோம்” என்று சில இடங்களில் கேட்கிறார்கள். காட்டலாம், சரிபார்க்கச் சொல்லலாம், நகல் கொடுக்கலாம். அசலைக் கையில் கொடுத்துவிட்டால் பிடிக்காத வேலையை விட்டு வருவது கஷ்டம். டிஜிலாக்கரில் பதிவிறக்கிய மதிப்பெண் பட்டியல் சட்டப்படி அசலுக்குச் சமம், அதைக் காட்டுங்கள்.

முதல் மாதம்

வேலை கிடைத்துவிட்டது. புது இடம், புது முகங்கள். “நாலு நாள்லயே புடிக்கலை” என்று வீட்டுக்கு போன் வரும். அம்மாவும் பதறிப்போய் “வந்துடுப்பா” என்று சொல்லிவிடுவார். கொஞ்சம் பொறுங்கள்.

அனுபவசாலிகளுக்கே இது நடந்திருக்கிறது. சிதம்பரத்துக்காரர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணிநிரவல் நினைவிருக்கும். 1929-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசு ஏற்றது. பிறகு உபரியாக இருந்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். வருடக்கணக்கில் ஒரே வளாகத்தில் வேலை பார்த்தவர்கள், முன்பின் தெரியாத அலுவலகத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது. வேலை தெரிந்தவர்கள்தான். ஆனாலும் கோப்பு எப்படி நகர்கிறது, யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் புதிதாகத்தான் பழக வேண்டும். இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்குப் போகிறவருக்கு நாலு நாள் எப்படிப் போதும்?

கூப்பிடும் முறையிலேயே குழப்பம் வரும். ஐ.டி. நிறுவனங்களில் மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம் வாயில் ‘சார்’தான் வரும். ஒரு வாரம் கவனித்துவிட்டு மற்றவர்கள் போலச் செய்யுங்கள், அதுவரை ‘சார்’ என்றால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. சின்னக் கம்பெனிகளில் ‘அண்ணே’, ‘அக்கா’ என்று உறவுமுறையாகவே ஓடும். அது நல்ல விஷயம்தான், ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்ற பேச்சு, ஓவர்டைம் பணம் கேட்கும்போது மட்டும் வந்தால் அது கணக்கில் சேராது.

நம் பிள்ளைகளிடம் நாங்கள் பார்க்கும் பெரிய சிக்கல், புரியாவிட்டாலும் தலையாட்டுவது. பள்ளிக்கூடத்தில் பழகியது. “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது சார்”. ஆலையில் அது ஆபத்து, அலுவலகத்தில் இரட்டை வேலை. சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: “அப்போ மூணு மணிக்குள்ள இந்த லிஸ்ட்டை முடிச்சு மெயில் பண்ணணும், சரிதானே சார்?” இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் முதல் மாதத்தில் பாதிச் சிரமம் குறையும்.

லீவையும் சொல்ல வேண்டும். ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா தரிசனம் என்றால் சிதம்பரத்துக்காரருக்கு ஊரில் இருந்தாக வேண்டும். மேலாளர் வேறு ஊர்க்காரர் என்றால் அவருக்கு அது எப்படித் தெரியும்? காலையில் “சார், ஊர்ல திருவிழா, வர முடியல” என்று வாட்ஸ்அப் போடுவதற்குப் பதில், இருபது நாள் முன்பே சொல்லி, பதிலுக்கு ஒரு ஞாயிறு வேலை பார்க்கிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முதல் சம்பளம் வந்ததும் இனிப்பு வாங்குங்கள், கூடவே சம்பளச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம், நிறுவனமும் அதே அளவு போட வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் இ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதை உமாங் செயலியில் நீங்களே பார்க்கலாம். நியமனக் கடிதம் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும் என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் உள்ளது. “வாய்ச்சொல்தான் எங்க கல்ச்சர்” என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

பெண்கள் ஒரு விவரத்தை முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உறுப்பினர்கள் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா பாருங்கள். அதைவிடச் சிறிய கடை, நிறுவனம் என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் புகார் தரலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் 181. “இங்க எல்லாரும் ஜாலியா பேசுவாங்க, கல்ச்சரே அப்படித்தான்” என்பது எந்த விசாரணையிலும் பதிலாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்று நான்கு மாதம் கழித்து, இது எனக்கான இடம் இல்லை என்று தோன்றினால் வேலையை மாற்றுவதில் அவமானம் ஒன்றுமில்லை. சொல்லாமல் நின்றுவிட மட்டும் வேண்டாம். கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பார்த்து, ராஜினாமாவை மெயிலில் அனுப்பி, பணிவிடுப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நிறுவனம் பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்குத்தொகை செலுத்தப்பட்டு இரண்டு மாதம் ஆனபின் உறுப்பினர் இணையதளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் கையில் இருந்தால் போதும், ஓடிபி அதில் வரும்.